பிரேசில் - அர்ஜென்டினா ஆட்டம்: மொழியும் பண்பாடும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரேசிலும் அர்ஜென்டினாவும் மோதும் கால்பந்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, கோல் கணக்குக்கு அப்பால் எழும் கேள்விகளுக்கான பக்கம் இது. எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் ஒரே ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன்: 2021 ஜூலை 10 இரவு, ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா மைதானத்தில் நடந்த, தென் அமெரிக்க நாடுகளுக்கான கோபா அமெரிக்கா கோப்பையின் இறுதிப் போட்டி. 22-வது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் டி பால் தன் பாதியிலிருந்து தூக்கி அடித்த நீளப் பந்து, பிரேசில் தடுப்பாட்டக்காரர் ரெனான் லோடியின் காலுக்குத் தப்பி டி மரியாவிடம் சேர்ந்தது. அவர் அதை, முன்னேறி வந்த கோல்கீப்பர் எடர்சனின் தலைக்கு மேலாக மெல்லத் தூக்கிவிட்டார். அந்த ஒரு கோல்தான். 1993-க்குப் பிறகு அர்ஜென்டினாவின் முதன்மை தேசிய அணி வென்ற முதல் பெரிய கோப்பை அது. மெஸ்ஸிக்கு அந்த அணியில் அதுவே முதல் பெரிய கோப்பை.

இரண்டு நாட்டிலும் பேசுவது ஸ்பானிஷ்தானே?

இல்லை. அர்ஜென்டினாவில் ஸ்பானிஷ், பிரேசிலில் போர்ச்சுகீசியம். 1494-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் டோர்டிசியாஸ் என்ற ஊரில் உட்கார்ந்து, அதுவரை தாங்கள் சரியாகப் பார்த்தேயிராத உலகத்தைக் கோடு கிழித்துப் பிரித்துக்கொண்டன. அந்தக் கோட்டின் கிழக்கே இருந்த நிலம் போர்ச்சுகலுக்கு வந்தது. பின்னர் பிரேசில் கோட்டைத் தாண்டி மேற்கே வெகுதூரம் வீங்கியது வேறு கதை. தென் அமெரிக்காவில் போர்ச்சுகீசியம் பேசும் ஒரே நாடு அதுதான். சுற்றிலும் பெரும்பாலும் ஸ்பானிஷ் நாடுகள். இந்தத் தனிமை பிரேசில்காரர்களின் மனநிலையில் உண்டு.

ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியுமா?

எழுத்தில் பார்த்தால் பெரும்பகுதி புரியும். இரண்டும் லத்தீன் வயிற்றுப் பிள்ளைகள். காதில் கேட்கும்போதுதான் சிக்கல், அதுவும் ஒருபக்கச் சிக்கல். ஸ்பானிஷில் ஐந்து உயிரொலிகள், எழுதியபடியே ஒலிக்கும். போர்ச்சுகீசியத்திலோ மூக்கொலி உயிர்கள், திறந்த உயிர்கள், மூடிய உயிர்கள், சொல்லின் கடைசியில் மங்கிப்போகும் உயிர்கள் என்று கூட்டம் அதிகம். அதனால் பிரேசில்காரருக்கு அர்ஜென்டினாக்காரர் பேசுவது ஓரளவு புரிந்துவிடுகிறது. மறுபக்கத்தில் அர்ஜென்டினாக்காரர் விழிக்கிறார். இடையே 'போர்ட்டுஞோல்' என்று ஒரு கலவைப் பேச்சு இருக்கிறது. இரண்டு மொழிகளின் பெயரையும் ஒட்டவைத்துச் செய்த பெயர் அது. எல்லை ஊர்களில் அது அன்றாடப் பேச்சு. செய்தியாளர் சந்திப்பில் அகப்பட்டுக்கொண்ட வீரருக்கு அது ஆபத்துக்கு உதவும் தோழன்.

பிரேசில் வீரர்களின் சட்டையில் செல்லப்பெயரும் அர்ஜென்டினா வீரர்களின் சட்டையில் குடும்பப்பெயரும் இருப்பது ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதற்கான பதில் ஒரே சொல்லில் ஒளிந்திருக்கிறது. ஸ்பானிஷில் 'அபெஷீதோ' என்றால் குடும்பப்பெயர். பிரேசிலின் போர்ச்சுகீசியத்தில் கிட்டத்தட்ட அதே எழுத்துகளோடு எழுதப்படும் 'அபெலீதூ' என்றால் பட்டப்பெயர். பிறப்பில் ஒரே சொல். ஒரு கரையில் தகப்பன் கொடுத்த பெயர். மறு கரையில் தெரு கொடுத்த பெயர்.

2021 இறுதியாட்டத்தில் இறங்கியவர்களின் முதுகைப் பாருங்கள். ஒருபுறம் மொன்ட்டியேல், ரொமேரோ, ஓட்டமெண்டி, அகுன்யா, பரேதெஸ், மெஸ்ஸி, டி மரியா. பள்ளி வருகைப் பதிவேட்டை வாசிப்பதுபோல் இருக்கும். இத்தாலியப் பெயர்களும் அதில் கலந்திருக்கும். மறுபுறம் டனிலோ, மார்க்கிஞோஸ், ஃப்ரெட், காசமிரோ, பக்கெட்டா, நெய்மார். ஃப்ரெட் என்பது ஃப்ரெடரிக்கோவின் சுருக்கம். மார்க்கிஞோஸ் என்றால் 'குட்டி மார்க்கோஸ்'. பக்கெட்டா என்பது ஆளின் பெயரே அல்ல. ரியோவின் குவானபாரா விரிகுடாவில் அவர் வளர்ந்த தீவின் பெயர்.

பிரேசிலில் இது பந்தாட்டத்தோடு நிற்பதில்லை. குடியரசுத் தலைவரையே நாடு 'லூலா' என்கிறது. லூயிஸ் என்பதன் செல்லப்பெயர் அது. போர்ச்சுகீசியத்தில் கணவாய் மீனுக்கும் அதே சொல். 1982-இல் அவர் அந்தப் பட்டப்பெயரைச் சட்டப்படி தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அர்ஜென்டினாவில் பெரோன், அல்ஃபோன்சின், மிலேய் என்று குடும்பப்பெயர்தான் ஆட்சி செய்கிறது. பெரோனின் மனைவி ஏவிட்டா விதிவிலக்கு, ஆனால் அவர் குடியரசுத் தலைவராக இருந்ததில்லை.

பெலேயின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எட்சன் அராந்தெஸ் டோ நாசிமெந்தோ என்பது இயற்பெயர். சிறுவயதில் பீலே என்ற கோல்கீப்பரின் பெயரைத் தவறாக உச்சரிக்கப்போய், கேலியாக ஒட்டிக்கொண்ட பெயர் பெலே. அவருக்கே முதலில் அது பிடிக்கவில்லை. காக்காவின் பெயர் ரிக்கார்டோ. தம்பிக்கு அதைச் சொல்ல நாக்கு வளையவில்லை. 1994 உலகக் கோப்பையைத் தூக்கிய அணித்தலைவர் துங்காவின் பெயர், ஸ்னோ ஒயிட் கதையின் ஏழு குள்ளர்களில் வாய்பேசாத குள்ளனுக்குப் போர்ச்சுகீசியத்தில் உள்ள பெயர். பழைய நட்சத்திர வீரர் காரின்ஷாவின் பெயர், சிட்டுக்குருவி அளவு பறவை ஒன்றின் பெயர். கேலியைச் சட்டையில் அச்சடித்து உலகக் கோப்பைக்கு அனுப்பும் துணிச்சல் வேறெந்த நாட்டுக்கு உண்டு?

அப்படியானால் அர்ஜென்டினாவில் பட்டப்பெயரே கிடையாதா?

ஏராளமாக உண்டு, கொஞ்சம் கொடூரமாகவும் உண்டு. மெஸ்ஸி 'தெள்ளுப்பூச்சி'. கிளாவுடியோ லோபஸ் 'பேன்'. வெரோன் 'சூனியக்காரி'. டி மரியா ஒல்லி என்பதால் 'ஃபிதேயோ', அதாவது நூடுல்ஸ். வேறுபாடு என்னவென்றால், அங்கே பட்டப்பெயர் வாயில் இருக்கும், சட்டைக்கு ஏறுவது அபூர்வம். செர்ஹியோ அகுவேரோ 'குன்' என்ற செல்லப்பெயரைச் சட்டையில் சேர்த்தபோதுகூட, பக்கத்தில் அகுவேரோ என்று குடும்பப்பெயரையும் போட்டுக்கொண்டார். மரக்கானாவில் அந்தக் கோல் விழுந்த நொடியில் முதுகில் 'டி மரியா', வீடுகளில் கத்தியவர்களின் வாயில் 'ஃபிதேயோ'.

எல்லாப் பெயரிலும் 'இஞோ' வருகிறதே, அது என்ன?

சின்னதாக்கும் ஒட்டு. பெரிதாக்க 'ஆவ்ன்' என்று மூக்கால் சொல்லும் ஒட்டு இருக்கிறது. 1994 பிரேசில் அணியில் இரண்டு ரொனால்டோக்கள். பெரியவர் ரொனால்டாவ்ன் ஆனார். பதினேழு வயதுப் பையன் ரொனால்டிஞோ ஆனான். ஆம், பின்னாளில் உலகமே 'ரொனால்டோ' என்று அழைத்த அதே பையன்தான். அவர் வளர்ந்து வெறும் ரொனால்டோ ஆனதும், காலியான 'ரொனால்டிஞோ' நாற்காலியில் தெற்கேயிருந்து வந்த இன்னொரு பையன் உட்கார்ந்தான்; அவனுக்கு அடையாளமாகத் தெற்கு மாநிலத்தவனைக் குறிக்கும் 'கவுஷோ' என்ற சொல்லையும் சேர்த்தார்கள்.

இந்த ஒட்டு பிரேசில் பேச்சில் அன்பின் அளவுகோல். பந்தையே வானொலி வர்ணனையில் 'குண்டுக்குட்டி' என்று பொருள்படும்படி கொர்துஷிஞா என்று கொஞ்சுவார்கள். தேசிய அணியின் மஞ்சள் சட்டை அமரெலிஞா, அணி கனாரிஞோ, அதாவது குட்டிக் கனேரிப் பறவை. ஸ்பானிஷில் 'இட்டோ' என்ற ஒட்டு இதே வேலையைச் செய்கிறது. ஆனால் அர்ஜென்டினா அணிக்கு நிலைத்த பெயர் கொஞ்சலாக இல்லை: அல்பிசெலெஸ்தே, 'வெள்ளையும் வான்நீலமும்'. கொடியைப் பார்த்து எழுதிய பெயர்.

தமிழில் எழுதும்போது ஓர் ஆதாயம். ஸ்பானிஷ்காரர்கள் தலையில் அலைக்கோடு போட்ட ஒரு எழுத்தாலும், போர்ச்சுகீசியர்கள் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தும் எழுதும் ஒலி, நமக்கு 'ஞ' என்று தனி எழுத்தாகவே இருக்கிறது. 'ரொனால்டினோ' என்று எழுதும் பத்திரிகைகள் அதை ஏன் வீணடிக்கின்றனவோ தெரியவில்லை.

பிரேசில் வர்ணனையாளர் ரொனால்டோவை வேறு மாதிரி சொல்கிறாரே?

சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ர' பிரேசிலில் பெரும்பாலும் தொண்டையிலிருந்து 'ஹ' போல வரும். அசையின் முடிவில் வரும் 'ல்' வாயைக் குவித்து 'வ்' ஆகும். கடைசி 'ஓ' மங்கி 'உ' ஆகும். ஆக ஹொனாவ்து. நாட்டின் பெயரே அவர்கள் வாயில் 'ப்ரசீவ்'தான்.

அர்ஜென்டினா ஸ்பானிஷுக்கும் தனி முத்திரை உண்டு. ஸ்பெயினில் 'ய' போல ஒலிப்பது புவெனஸ் அயர்ஸில் 'ஷ' ஆகிறது. 'நான்' என்பதற்கு மற்றவர்கள் 'யோ' என்றால் இவர்கள் 'ஷோ'. 'நீ' என்பதற்கு 'தூ' இல்லை, 'வோஸ்'. 'எனக்குச் சொல்' என்பதற்குப் பல நாடுகளில் 'தீமே', இங்கே 'தெசீமே'. வாக்கிய இசையிலோ இத்தாலிய ஏற்ற இறக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கப்பல் கப்பலாக வந்திறங்கிய இத்தாலியர்கள் விட்டுச்சென்றது அது. வேலைக்குப் பேச்சுவழக்கில் 'லபூரோ' என்பார்கள். இத்தாலிய 'லவோரோ'வின் பிள்ளை.

பந்தாட்டச் சொற்களாவது ஒன்றாக இருக்கின்றனவா?

'கோல்' ஒன்றுதான், அதைப் பதினைந்து நொடி இழுத்துக் கத்துவதும் ஒன்றுதான். மற்றதெல்லாம் வேறு. பந்து அர்ஜென்டினாவில் பெலோட்டா, பிரேசிலில் போலா. கோல்கீப்பர் அங்கே 'அர்கேரோ': கோல் கம்பத்துக்கு அவர்கள் சொல்லும் 'ஆர்கோ' வளைவையும் வில்லையும் குறிக்கும், ஆகவே கோல்கீப்பர் சொல்லளவில் வில்லாளன். பிரேசிலில் கவித்துவம் ஏதுமில்லாமல் 'கொலேய்ரு'. எதிராளியின் கால்களுக்கிடையே பந்தைத் தட்டிவிட்டால் அங்கே 'குழாய்', இங்கே 'பேனா'. நடுவரைப் பிரேசிலில் 'நீதிபதி' என்பார்கள், திட்டும்போதும் அதே மரியாதையோடு.

ஆட்டத்தை இரண்டு நாட்டுக்கும் பிரிட்டிஷ்காரர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் கொண்டுவந்தார்கள். அர்ஜென்டினா அந்தச் சொற்களை வாயில் போட்டு மென்றது. ஆஃப்சைடு அங்கே 'ஓர்சாய்'. ஒருவன் எதிர்பாராத இடத்தில் கையும் களவுமாக மாட்டிக்கொண்டால், 'ஓர்சாயில் நின்றுவிட்டான்' என்பது தெருப்பேச்சு. பிரேசிலோ மொழிபெயர்த்துக்கொண்டது, ஆஃப்சைடு அங்கே 'இம்பெதிமெந்து', தடை. அங்கே சொதப்பியவனைச் சொல்லும் தொடர், 'பந்தை மிதித்துவிட்டான்'.

ரசிகர் கூட்டத்துக்கான சொற்கள் இன்னும் ருசியானவை. அர்ஜென்டினாவில் 'இஞ்ச்சாதா', காற்றடிப்பது என்ற வினையிலிருந்து வந்தது. பக்கத்து உருகுவேயில் ஒரு கிளப்புக்குப் பந்தில் காற்றடித்துக் கொடுத்த தொழிலாளி, கோட்டோரம் நின்று ஊரே கேட்கும்படி கத்துவாராம். அவர் தொழிற்பெயரே எல்லா ரசிகருக்கும் பெயராகிவிட்டது என்பது கதை. பிரேசிலில் 'தொர்சீதா', முறுக்குவது என்ற வினை. பதற்றத்தில் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு பார்த்த பெண்களிடமிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஒரு கூட்டம் ஊதுகிறது, ஒரு கூட்டம் முறுக்குகிறது.

சாம்பா ஆட்டம், டாங்கோ ஆட்டம் என்று சொல்வது சரியா?

சுற்றுலாச் சுவரொட்டிக்குச் சரி. நான் வேறு இரண்டு சொற்களைச் சொல்வேன்: 'பீபே', 'மொலேக்கி'. இரண்டுக்கும் 'பொடியன்' என்றே பொருள். காலி மனையில் பந்தை உதைத்துக்கொண்டு, பெரியவர்களை ஏய்க்கும் பொடியன்தான் இரண்டு நாட்டின் பந்தாட்டக் கனவுக்கும் நாயகன். மரடோனாவுக்கு 'தங்கப் பீபே' என்று பெயர். பிரேசிலில் கவலையின்றி விளையாட்டுத்தனமாக ஆடுவதை 'மொலேக்கி ஆட்டம்' என்பார்கள்.

ஆனால் சொற்கள் வந்த கப்பல்கள் வேறு. பீபே, இத்தாலியக் குடியேறிகளின் பேச்சிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் சொல். மொலேக்கி, அங்கோலாவின் கிம்புண்டு மொழியிலிருந்து, அடிமைகளாகச் சங்கிலியில் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தது. ஒரு காலத்தில் அடிமைச் சிறுவனைக் குறித்தது. அமெரிக்கக் கண்டத்தில் அடிமை முறையைக் கடைசியாக ஒழித்த நாடு பிரேசில், 1888-இல். அந்தச் சொல் இன்று பாராட்டாக மாறியிருப்பதற்குள் எவ்வளவோ அடங்கியிருக்கிறது.

பத்தாம் எண் சட்டை மட்டும் இருவருக்கும் புனிதம். அர்ஜென்டினாவில் அது சமயமாகவே ஆகிவிட்டது: கடவுளைக் குறிக்கும் 'தியோஸ்' என்ற சொல்லின் நடு இரண்டு எழுத்துகள் ரோமன் எழுத்தில் 10 போலவே தெரிவதால், அந்தச் சட்டை போட்ட மரடோனாவை அப்படியே எழுதிக் கும்பிட்டார்கள். 1998-இல் ரொசாரியோவில் அவர் பெயரில் ஒரு 'திருச்சபை'கூடத் தோன்றியது.

அர்ஜென்டினா தேசிய கீதத்தின்போது ரசிகர்கள் சொல் இல்லாமல் 'ஓ... ஓ...' என்று மட்டும் பாடுகிறார்களே, வரிகள் தெரியாதா?

நன்றாகவே தெரியும். 1813-இல் உருவான அந்தக் கீதம் நீளமானது. பாடல் தொடங்குவதற்கு முன்பே நீண்ட முன்னிசை உண்டு. பன்னாட்டுப் போட்டிகளில் நேரம் கருதிப் பெரும்பாலும் அந்த முன்னிசையோடு நிறுத்திவிடுவார்கள். வரிகளே வராத இடத்தில் எதைப் பாடுவது? மெட்டையே பாடிவிடுவோம் என்று கூட்டம் முடிவுசெய்துவிட்டது. குதித்துக்கொண்டே பாடப்படும் அந்த 'ஓ... ஓ...' இப்போது வரிகளைவிடப் புகழ்பெற்றது.

பிரேசில்காரர்கள் எதிர்வழியில் போனார்கள். 2014 உலகக் கோப்பையில், ஒதுக்கப்பட்ட நேரத்தில் இசையை நிறுத்திய பிறகும், வாத்தியம் இல்லாமல் மைதானமே தொடர்ந்து பாடியது. இத்தனைக்கும் அவர்கள் கீதத்தின் வரிகள் சொற்றொடரைத் தலைகீழாகப் புரட்டிப்போட்ட பண்டித நடை. தொடக்க வரியின் எழுவாய் எது என்பது பள்ளிக்கூடத்துத் தீராத புதிர். 'இபிரங்காவின் அமைதியான கரைகள்தாம் கேட்டன' என்பது விடை. 1822-இல் இளவரசர் பெட்ரோ அந்த ஓடைக்கரையில்தான் விடுதலையை முழங்கினார் என்பது வரலாறு.

அர்ஜென்டினா ரசிகர்கள் பிரேசிலைப் பார்த்து 'அப்பன்' என்று எதையோ பாடுகிறார்களே?

அர்ஜென்டினா கேலியின் இலக்கணத்தில், தொடர்ந்து தோற்பவன் மகன், தோற்கடிப்பவன் அப்பன். 2014-இல் பிரேசிலுக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் வந்து, 'உன் வீட்டுக்குள் உன் அப்பன் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கிறது, சொல்' என்ற பொருளில் பாடினார்கள். அந்தச் 'சொல்'லும் மேலே சொன்ன 'தெசீமே'தான். பாட்டு நினைவூட்டியது 1990 ஜூன் 24-ஐ. டூரின் நகரில் மரடோனா கொடுத்த பந்தைக் கனிஜியா கோலாக்கி, பிரேசிலை உலகக் கோப்பையிலிருந்து வெளியேற்றிய நாள்.

அதே ஆட்டத்தில் அர்ஜென்டினா தரப்பு தமக்குக் குடிக்கத் தந்த தண்ணீரில் ஏதோ கலந்திருந்தது, தலை சுற்றியது என்று பிரேசில் வீரர் பிராங்கோ குற்றம்சாட்டினார். பிற்காலத்தில் மரடோனாவே அதைத் தொலைக்காட்சியில் சிரித்துக்கொண்டு கதையாகச் சொன்னார். பிரேசிலில் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. 2014-இல் ஜெர்மனியிடம் 7-1 என்று நொறுங்கிய பிரேசில்காரர்கள் பலர், ஐந்தே நாளில் இறுதியாட்டத்தில் அதே ஜெர்மனிக்குக் கைதட்டினார்கள். எதிரே நின்றது அர்ஜென்டினா என்பதால்தான்.

எல்லாம் வேடிக்கைதானா?

இல்லை. கறுப்பின வீரர்கள் நிறைந்த பிரேசில் அணியைக் குரங்கு என்று இகழும் கேவலம் அர்ஜென்டினாவின் பார்வையாளர் மேடைகளில் நூறாண்டுப் பழையது. 2005-இல் சாவோ பாலோவில் ஓர் அர்ஜென்டினா கிளப் வீரர், எதிரணி வீரரை நிறம் சொல்லித் திட்டினார் என்ற புகாரில், ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே கைதானார். பிரேசிலில் அது குற்றம். 2023-இல் சட்டம் மேலும் இறுகியது. 'அவர்கள் ஊரில் இது கேலி' என்று சப்பைக்கட்டுக் கட்டுவோருக்கு என்னிடம் பொறுமை இல்லை.

அடிதடியும் உண்டு. 2023 நவம்பர் 21 அன்று மரக்கானாவில் கீதம் ஒலிக்கும்போதே பார்வையாளர் மேடையில் கைகலப்பு. காவலர்கள் தடியால் அடிக்க, மெஸ்ஸி அணியை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஆட்டம் ஏறத்தாழ அரை மணி தாமதமாகத் தொடங்கியது. ஓட்டமெண்டியின் கோலால் அர்ஜென்டினா 1-0 என்று வென்றது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பிரேசில் சொந்த மண்ணில் தோற்றது அதுவே முதல் முறை.

ஆட்ட நாளின் பெயர்கூட வேறு என்கிறார்களே?

வாரநாளாக இருந்தால் வேறு. ஸ்பானிஷில் செவ்வாய், நம்மைப்போலவே, செவ்வாய்க் கோளின் பெயரில் 'மார்த்தெஸ்'. போர்ச்சுகீசியத்தில் வெறும் 'மூன்றாம் நாள்'. கோள்களெல்லாம் பொய்த் தெய்வங்கள் என்று பழைய கிறித்தவ சபை எண்களைப் போட்டுவிட்டது. சனியும் ஞாயிறும் மட்டும் இருவருக்கும் 'சாபதோ', 'தொமிங்கோ'.

இரண்டு பண்பாடும் கலக்கும் இடம் எது?

தெற்கு பிரேசில். ரியோ கிராந்தி தோ சுல் மாநிலத்தவர் புல்வெளி மாட்டிடையர் மரபில் வந்தவர்கள். அவர்களைக் 'கவுஷோ' என்பார்கள். எல்லைக்கு அப்பால் அர்ஜென்டினாவில் அதே மனிதன் 'கௌச்சோ'. இருவரும் சுரைக்குடுவையில் கசப்பு மாத்தே இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சுகிறார்கள்.

பிரேசிலின் மஞ்சள் சட்டையும் இந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். 1950 உலகக் கோப்பையில் மரக்கானாவில் உருகுவேயிடம் தோற்றபோது பிரேசில் போட்டிருந்த வெள்ளைச் சட்டை ராசியற்றதாகிவிட்டது. 1953-இல் ஒரு நாளிதழ், கொடியின் நான்கு நிறங்களும் இருக்கும்படி புதுச் சட்டை வரையும் போட்டி வைத்தது. வென்றவர் உருகுவே எல்லையோர ஊரான ஜாகுவாராவ்னில் பிறந்த, 19 வயது அல்திர் ஷ்லே. அவர் பின்னாளில் எழுத்தாளரானார். பிரேசில் சட்டையைப் படைத்த அந்த மனிதர் கடைசிவரை ஆதரித்த அணி உருகுவே.

பிரேசில்காரர்கள் அர்ஜென்டினாக்காரர்களை 'எர்மானோஸ்' என்பது திட்டா, அன்பா?

'சகோதரர்கள்' என்று பொருள். அதைத் தங்கள் மொழியில் சொல்லாமல் வேண்டுமென்றே ஸ்பானிஷில் சொல்வதில்தான் குத்தல் இருக்கிறது. சொல்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் திட்டா அன்பா என்று பிரிக்க முடியும்.

2021 ஆட்டம் முடிந்ததும் மெஸ்ஸியும் நெய்மாரும் சேர்ந்து சிரித்தார்களே, எந்த மொழியில்?

தோற்ற நெய்மார் முதலில் அழுதார். பிறகு மெஸ்ஸியைத் தேடிப்போய்க் கட்டிக்கொண்டார். சிறிது நேரத்தில் இருவரும் மைதானத்துக்குள்ளே படிக்கட்டில் அருகருகே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். 2013 முதல் 2017 வரை இருவரும் பார்சிலோனாவில் ஒரே அணி. நெய்மார் அங்கே ஸ்பானிஷ் கற்றுச் சரளமாகப் பேசுவார். மெஸ்ஸி போர்ச்சுகீசியம் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை.